புளியறை எல்லையும் வாகன மறுபதிவும்

புளியறை, தென்காசி மாவட்டத்தில் செங்கோட்டைக்கு மேற்கே உள்ள ஊர். கொல்லத்தையும் திருமங்கலத்தையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 744, ஆரியங்காவு வழியாக மலையிறங்கி இங்கு தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. கேரளத்தில் வாங்கிய பழைய வாகனங்கள் தென்காசிப் பகுதிக்கு வரும் முக்கிய வழிகளுள் இதுவும் ஒன்று.

எல்லை இடம்பெயர்ந்த வரலாறு

1956 வரை புளியறை எல்லை ஊராக இருக்கவில்லை. செங்கோட்டை திருவிதாங்கூரைச் சேர்ந்தது. தென்காசி சென்னை மாகாணத்தின் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. எல்லை இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையில் சென்றது. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது செங்கோட்டை வட்டத்தின் கிழக்குப் பகுதி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. ஆரியங்காவு கேரளத்தில் நின்றது. எல்லை புளியறைக்கு நகர்ந்தது.

சட்டம்

1939ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்த மோட்டார் வாகனச் சட்டம், 1988, 1989 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன் 46ஆம் பிரிவுப்படி ஒரு மாநிலத்தில் செய்த பதிவு நாடு முழுவதும் செல்லும். ஆனால் வாகனம் வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைக்கப்பட்டால், 47ஆம் பிரிவுப்படி புதிய பதிவெண் பெற வேண்டும். வாகன வரி மாநிலப் பட்டியலில் உள்ளதால், வண்டி வந்து சேர்ந்த மாநிலமும் வரி கேட்கிறது.

மறுபதிவு முறை

புனலூரின் கே.எல். 25 வரிசை வண்டி தென்காசியின் டி.என். 76 வரிசைக்கு மாற, முதலில் பழைய பதிவு அலுவலகத்தில் தடையின்மைச் சான்று பெற வேண்டும். 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் சான்று வழங்கப்பட்டதாகவே 48ஆம் பிரிவு கருதுகிறது. கடன் நிலுவை இருந்தால் நிதி நிறுவனத்தின் ஒப்புதலும் தேவை. பிறகு தென்காசி வட்டார போக்குவரத்து அலுவலகத்தில் படிவம் 27இல் விண்ணப்பித்து, என்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் சரிபார்க்கச் செய்து, வண்டியின் வயதுக்கேற்ப வரி கட்ட வேண்டும். பதிவெண் மாறினாலும் முதல் பதிவுத் தேதி மாறாது. முந்தைய மாநிலத்தில் கட்டிய ஆயுட்கால வரியில் மீதக் காலத்துக்குரிய தொகையை உரிமையாளரே அங்கு விண்ணப்பித்துத் திரும்பப் பெற வேண்டும். விலை குறைவு என்று வாங்குவோர் பலர் கணக்கில் விடுவது இந்த இரட்டைச் செலவைத்தான்.

வெளிநாட்டு வாகனங்கள்

ஜப்பானும் இந்தியாவைப் போல் இடப்பக்கம் செல்லும் நாடு. எனினும் அங்கிருந்து பழைய கார்கள் பெருமளவில் இங்கு வருவதில்லை. உற்பத்தியாகி 3 ஆண்டுகளுக்கு உட்பட்ட, வலப்பக்க ஸ்டீயரிங் கொண்ட பழைய வாகனங்களையே, மும்பைத் துறைமுகம் வழியாக மட்டும் கொண்டுவர இறக்குமதி விதிகள் இடமளித்தன. சுங்க வரியும் மிக அதிகம்.

அண்மைக்கால மாற்றங்கள்

2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி வந்தபின் மாநில எல்லைகளில் இருந்த வணிகவரிச் சோதனைச்சாவடிகள் நீங்கின. வாகன வரி அந்த வரியில் சேரவில்லை. 2021இல் ஒன்றிய அரசு அறிமுகப்படுத்திய பி.எச். வரிசை மாநிலம் மாறும்போது மறுபதிவைத் தவிர்க்கிறது. ஆனால் அரசு ஊழியர்களுக்கும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் கொண்ட நிறுவனங்களின் ஊழியர்களுக்குமே அது பொருந்தும். புளியறையைக் கடந்து வரும் பழைய வண்டியை வாங்கிய விவசாயிக்கோ கடைக்காரருக்கோ 12 மாத விதியே இன்றும் பொருந்துகிறது.