ரேடார் கன் பிறந்த கதை

அமெரிக்காவில் வசந்தம் தொடங்கிவிட்டால் பள்ளிக்கூட பேஸ்பால் மைதானங்களில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். பேட்டருக்குப் பின்னால் கட்டிய வலையை ஒட்டிச் சிலர் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் பந்தோடு காலைத் தூக்கியதும் அத்தனை பேர் கையும் சேர்ந்தாற்போல் உயரும். கையில் இருப்பது ரேடார் கன். பந்து கேட்சரின் கையுறையில் விழுந்த மறுகணம் எல்லார் பார்வையும் கருவியின் திரைக்குப் போகும். மணிக்கு 93 மைல். நோட்டில் குறித்துக்கொள்வார்கள். அந்த எண்ணைப் பொறுத்துப் பையனின் வீட்டுக்கு லட்சக்கணக்கில் டாலர் வரலாம், வராமலும் போகலாம்.

இவர்கள் ஸ்கவுட்டுகள். தொழில்முறை அணிகளுக்கு ஆள் தேடுபவர்கள். இன்று பள்ளிப் பையன்களைத் திணறடிக்கும் பிட்சர், ஐந்தாறு ஆண்டு கழித்து உச்ச மட்டமான மேஜர் லீகில் கைதேர்ந்த பேட்டர்களையும் திணறடிப்பானா என்று சொல்வது இவர்கள் வேலை. கிரிக்கெட் பந்துவீச்சாளரைப் போல பிட்சர் ஓடி வருவதில்லை. பந்தைத் தரையில் குத்துவதும் இல்லை. மண்மேட்டில் நின்று, முழங்கையை மடக்கி, 60 அடி 6 அங்குலத்துக்கு அப்பால் இருக்கும் பேட்டரைத் தாண்டி எறிய வேண்டும். மணிக்கு 90 மைல், அதாவது சுமார் 145 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்தை அடிக்க பேட்டருக்குக் கிடைப்பது ஏறத்தாழ 0.4 விநாடி.

பையனின் வேகம், பந்து வளையும் விதம், நினைத்த இடத்தில் போடும் திறமை ஆகியவற்றுக்கு ஸ்கவுட்டுகள் 20 முதல் 80 வரை மதிப்பெண் போடுவார்கள். 50 என்றால் மேஜர் லீக் சராசரி. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண்: இன்றைக்கு எவ்வளவு, வளர்ந்த பிறகு எவ்வளவு. அதோடு கை சுழலும் முறை, உடம்பு இன்னும் எவ்வளவு வலுவாகும், அடி வாங்கிய பிறகு மனம் எப்படி நிற்கும் என்பதையும் எழுதுவார்கள். இத்தனையில் வேகத்தைத்தான் முதலில் கருவியிடம் ஒப்படைத்தார்கள். அந்தக் கருவி எதற்காகப் பிறந்தது என்று தெரிந்தால், அதை எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் புரியும்.

கண்ணை நம்பிய காலம்

1960களின் தொடக்கம். ரெட் மர்ஃப் என்ற ஸ்கவுட் டெக்சாஸ் மாநிலத்தின் ஆல்வின் என்ற சிற்றூரில் ஒல்லியான பள்ளிப் பையன் ஒருவன் எறிவதைப் பார்த்தார். அதற்கு முந்தின இரவுதான் ஹூஸ்டனில் டர்க் ஃபாரல், ஜிம் மலோனி என்ற இரண்டு மேஜர் லீக் வேகப் பிட்சர்களைப் பார்த்திருந்தார். அவர்கள் இருவரையும்விட இந்தப் பையனின் பந்து வேகமாக வருகிறது என்று அவர் கண் சொன்னது. பையன் பெயர் நோலன் ரயன்.

பிற்பாடு மர்ஃபின் மேலதிகாரி நேரில் பார்க்க வந்த நாளில் ரயன் மோசமாக ஆடினார். அணிகள் இளம் ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 1965இல் நியூயார்க் மெட்ஸ் அணி அவரை 12ஆவது சுற்றில்தான் எடுத்தது. அவருக்கு முன்னால் 294 பேர் போய்விட்டார்கள். அவரோ பின்னாளில் 5,714 முறை பேட்டரைப் பந்தைத் தொடவிடாமல் வெளியேற்றினார், அதாவது ஸ்ட்ரைக் அவுட் செய்தார். மேஜர் லீகில் இன்றுவரை அதை யாரும் எட்டவில்லை.

மர்ஃபின் கண் பிசகவில்லை. ஆனால் கண்டதை இன்னொருவருக்குக் காட்ட அவரிடம் சொல் மட்டுமே இருந்தது. அந்தக் குறைதான் கருவிக்கான தேவையை உண்டாக்கியது.

வேகத்தை அளக்கும் ஆசை பழையது. 1912இல் வால்டர் ஜான்சன் என்ற பிட்சரை கனெக்டிகட் மாநிலம் பிரிட்ஜ்போர்ட்டில் இருந்த ரெமிங்டன் ஆயுதத் தொழிற்சாலைக்கு அழைத்துப் போய், துப்பாக்கிக் குண்டின் வேகத்தை அளக்கும் சாதனத்துக்குள் பந்தை எறியச் சொன்னார்கள். விநாடிக்கு 122 அடி வந்தது. மணிக்கு 83 மைல். பாப் ஃபெல்லர் என்ற இன்னொரு பிட்சரின் பந்தோடு போலீஸ் மோட்டார் சைக்கிளை ஓடவிட்டுப் பார்த்தார்கள், பந்துதான் முந்தியது. 1946இல் வாஷிங்டனின் கிரிஃபித் மைதானத்தில் ராணுவத்தின் காலமானி அதே ஃபெல்லருக்கு 98.6 மைல் காட்டியது.

1958இல் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணி ஸ்டீவ் டல்கோவ்ஸ்கி என்ற இளைஞரை அபர்டீன் ராணுவச் சோதனைக் களத்துக்கு அனுப்பியது. அவரைப்போல் வேகமாக எறிந்தவரைப் பார்த்ததே இல்லை என்று சொன்னவர்கள் பலர். முந்தின நாள்தான் ஆட்டத்தில் எறிந்திருந்தார். நிற்க மேடும் இல்லை. கருவியின் சிறிய இடைவெளிக்குள் பந்தைச் செலுத்தவே வெகுநேரம் பிடித்தது. கடைசியில் பதிவானது 93.5 மைல். கருவி சொல்லாததை அவருடைய 1960ஆம் ஆண்டுக் கணக்கு சொல்கிறது: 170 இன்னிங்ஸில் 262 ஸ்ட்ரைக் அவுட், 262 வாக். எத்தனை பேரை வீழ்த்தினாரோ அத்தனை பேரைக் குறி தவறி இலவசமாக நடக்கவிட்டார். அவர் மேஜர் லீகில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

போலீஸ் கார் மைதானத்துக்குள் வந்தது

இந்தச் சோதனைகள் எல்லாவற்றிலும் பிட்சரைக் கருவியிடம் கொண்டுபோக வேண்டியிருந்தது. அல்லது ஒரு நாளைக்கென்று கருவியை வரவழைக்க வேண்டியிருந்தது. பள்ளி மைதானத்தில் அன்றாடம் கையில் எடுத்துப் போகும்படி அதை ஆக்கியவர் டேனி லிட்வைலர்.

அவரும் மேஜர் லீக் ஆட்டக்காரர்தான். 1942இல் ஃபிலடெல்ஃபியா அணிக்காக 151 ஆட்டங்களில் ஒரு ஃபீல்டிங் பிழைகூடச் செய்யாதவர். பிறகு கல்லூரிப் பயிற்சியாளர் ஆனார். எதையாவது செய்து பார்த்துக்கொண்டே இருப்பது அவர் சுபாவம். மழையில் நனைந்த களத்தை உலர்த்த ஒரு பொடியை உருவாக்கினார். பிட்சர் தன் கை சுழல்வதைத் தானே பார்த்துத் திருத்திக்கொள்ள, பந்து பட்டாலும் உடையாத கண்ணாடியைக் கொண்டுவந்தார். பையனுக்கு அவனையே காட்ட வேண்டும் என்பதுதான் அவர் பாடமுறை.

1974இல் அவர் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளர். வளாகப் போலீஸ் ரேடார் கன் வாங்கியிருக்கிறது, வேகமாக வண்டி ஓட்டுபவர்கள் ஜாக்கிரதை என்று மாணவர் பத்திரிகையில் ஒரு செய்தி வந்தது. காரை அளக்கும் கருவி பந்தை அளக்காதா என்று லிட்வைலருக்குத் தோன்றியது. போலீஸைக் கேட்டார். கார் மைதானத்துக்கே வந்தது. கருவிக்கு மின்சாரம் அந்தக் காரிலிருந்துதான் வர வேண்டும். பிட்சர்கள் எறிந்தார்கள். எண் விழுந்தது.

ரேடார் கன் அனுப்பும் அலை, எதிரே வரும் பந்தில் பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வெண் கூடியிருக்கும். எவ்வளவு கூடியதோ அதிலிருந்து வேகம் கணக்காகிறது. பந்து வரும் கோட்டிலிருந்து விலகி நின்றால் எண் குறைந்து காட்டும். ஸ்கவுட்டுகள் வலைக்குப் பின்னால் இடம் பிடிக்க முந்துவது அதனால்தான். காரைவிடப் பந்து மிகச் சிறியது. கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். போலீஸ் கருவியை அதற்கேற்ப மாற்ற வேண்டியிருந்தது. ஆரெகன் மாநிலத்தில் பந்தெறியும் இயந்திரம் தயாரித்துவந்த ஜான் பால்சனை லிட்வைலர் அணுகினார். பால்சனின் ஜக்ஸ் நிறுவனம் பேஸ்பாலுக்கென்றே ரேடார் கன்னைச் செய்து கொடுத்தது. மாதிரிக் கருவி பின்னர் கூப்பர்ஸ்டவுன் பேஸ்பால் அருங்காட்சியகத்துக்குப் போனது.

மேஜர் லீகில் அதன் அருமையை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர் ஓரியோல்ஸ் மேலாளர் ஏர்ல் வீவர். அவருக்கு வேண்டியது வேகப் பந்துக்கும், அதே கை அசைவில் மெதுவாக வரும் சேஞ்ச்-அப் பந்துக்கும் உள்ள இடைவெளி. அந்த இடைவெளி போதாவிட்டால் பேட்டர் ஏமாற மாட்டார். பயிற்சியாளர் மாணவனிடம் காட்டி, ‘இங்கே திருத்திக்கொள்’ என்று சொல்வதற்கான கருவியாகத்தான் ரேடார் கன் பிறந்தது.

1974இல் பிறந்த இன்னொன்று

அதே 1974இல் நோலன் ரயனின் பந்தை விஞ்ஞானிகள் ஆட்டத்தின் நடுவே அளந்தார்கள், 100.9 மைல். நூறு என்ற எண் மக்கள் மனதில் பதிந்தது.

அதே ஆண்டு செப்டம்பர் 25ஆம் தேதி, லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியின் இடக்கைப் பிட்சர் டாமி ஜானுக்கு டாக்டர் ஃபிராங்க் ஜோப் ஓர் அறுவைச் சிகிச்சை செய்தார். இடது முழங்கையில் எலும்புகளை இணைக்கும் நார் அறுந்திருந்தது. அதற்குப் பதிலாக வலது முன்கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்துப் பொருத்தினார். அதுவரை முழங்கை அப்படிப் போனால் பிட்சரின் வாழ்க்கை முடிந்தது. ஜானோ 1976இல் திரும்பி வந்து மேலும் 164 ஆட்டங்களை வென்றார். அந்தச் சிகிச்சைக்கு அவர் பெயரே நிலைத்தது.

வேகத்தை எண்ணாக்கிய கருவியும், வேகத்தால் அறுந்த நாருக்கு மாற்று வைக்கும் சிகிச்சையும் ஒரே ஆண்டில் பிறந்தவை. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் பிறந்தாலும், அடுத்த ஐம்பது ஆண்டுகளில் இரண்டும் சேர்ந்தே வளர்ந்தன.

ஆரம்பத்தில் ஸ்கவுட்டுகள் அந்த எண்ணைச் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். பந்து கையை விட்டதும் அளக்கும் கருவியும், பேட்டரை நெருங்கும்போது அளக்கும் கருவியும் ஒரே பந்துக்குச் சில மைல்கள் வித்தியாசம் காட்டின. எந்தக் கன் என்று கேட்டுத்தான் எண்ணை எடுத்துக்கொண்டார்கள். நாளடைவில் சந்தேகம் போய்விட்டது. எண் எளிதாக எழுதலாம், எளிதாக ஒப்பிடலாம், மேலதிகாரிக்கு எளிதாகப் புரியும். 2008இல் மேஜர் லீகின் முதன்மை வேகப் பந்து சராசரியாக 92 மைலைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. 2024இல் 94ஐத் தாண்டிவிட்டது. அந்த எண்ணைத் துரத்தும் பழக்கம் சிறுவர்களிடமும் இறங்கியது. 2007 முதல் 2011 வரை அமெரிக்காவில் காப்பீட்டுப் பதிவுகளை வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், டாமி ஜான் சிகிச்சை செய்துகொண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் 15 முதல் 19 வயதுக்கு உட்பட்டவர்கள். இது விளையாட்டுச் செய்தியாக மட்டும் படிக்க வேண்டிய விஷயம் இல்லை.

எண்ணுக்கு எட்டாதது

1984இல் லாஸ் வேகாஸில் கிரெக் மேடக்ஸ் என்ற ஒல்லிப் பையன் இருந்தான். ரால்ஃப் மெடார் என்ற ஓய்வுபெற்ற ஸ்கவுட் அவனுக்குச் சிறுவயதிலேயே கற்றுக்கொடுத்தது, வேகத்தைவிடப் பந்தின் அசைவு பெரிது என்பது. சிகாகோ கப்ஸ் அணியின் ஸ்கவுட் டக் மேப்சன் அவன் உடம்பைத் தாண்டிப் பார்த்துப் பரிந்துரைத்தார். அணி இரண்டாம் சுற்றில் எடுத்தது. மேடக்ஸ் 355 ஆட்டங்களை வென்றார். 1992 முதல் 1995 வரை தொடர்ந்து நான்கு முறை, சிறந்த பிட்சருக்கான சை யங் விருது பெற்றார்.

1991 டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் பிரையன் டெய்லர். பள்ளியிலேயே 99 மைல். யாங்கீஸ் அணி 15.5 லட்சம் டாலர் கொடுத்தது. கைகலப்பு ஒன்றில் தோள் சிதைந்து, மேஜர் லீகை அவர் எட்டவே இல்லை.

இந்தக் கருவி இந்தியாவுக்கும் வந்தது. 2008இல் ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ போட்டியில் ரேடார் கன்னை வைத்துத்தான் கைகளைத் தேடினார்கள். உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ஈட்டி எறியும் இளைஞர்கள் ரிங்கு சிங்கும் தினேஷ் பட்டேலும் தேர்வாகி, அதே ஆண்டு பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியில் ஒப்பந்தமானார்கள். இந்தக் கதை 2014இல் ஏ.ஆர். ரகுமான் இசையில் படமாகவும் வந்தது. ஆனால் இருவரும் மேஜர் லீகை எட்டவில்லை. வலுவான கையைக் கருவி கண்டுபிடித்துவிட்டது. பத்து வயதிலிருந்து ஆடுபவர்களுக்குள் ஊறிப்போன ஆட்ட அறிவை அதனால் கொடுக்க முடியவில்லை.

ரேடார் கன்னின் மேல் எனக்குக் கோபமில்லை. ரயனுக்கு அன்று ஓர் எண் இருந்திருந்தால் அவர் 12ஆவது சுற்றுவரை காத்திருந்திருக்க வேண்டாம். எளிய ஊர்ப் பையனுக்காக யாருடைய சிபாரிசும் இல்லாமல் பேசும் சாட்சி அது. பதினெட்டு வயதில், மதிப்பீட்டில் ஒரு வரியாக அது இருக்கட்டும். முழு மதிப்பீடாக ஆக வேண்டாம். பன்னிரண்டு வயதில் அதைப் பைக்குள் வைத்துவிடுவதே நல்லது. மேஜர் லீகும் யு.எஸ்.ஏ. பேஸ்பால் அமைப்பும் 2014இல் வெளியிட்ட ‘பிட்ச் ஸ்மார்ட்’ வழிகாட்டுதல்கள், எந்த வயதில் எத்தனை பந்துதான் எறியலாம், எத்தனை நாள் ஓய்வு வேண்டும் என்று வரையறுத்திருக்கின்றன. பெற்றோரும் பயிற்சியாளரும் கேட்க வேண்டிய கேள்விகள் அங்கே தொடங்குகின்றன. இந்த வாரம் எத்தனை பந்து எறிந்தான்? கை வலிக்கிறது என்று சொல்ல அவனுக்குத் துணிவு இருக்கிறதா? ஆண்டில் நான்கு மாதமாவது அந்தக் கைக்கு ஓய்வு உண்டா? சொன்ன இடத்தில் பந்தைப் போடுகிறானா? இவற்றுக்குச் சரியான விடை இருக்கும் வீட்டில், வேகம் வரவேண்டிய வயதில் வரும். அதைத் தாங்க முழங்கையும் மிச்சமிருக்கும்.