ஊசி குத்தப்பட்ட தத்துப்பூச்சி

1930களின் தொடக்கத்தில், அன்றைய தாங்கனிகாவின் அமானி ஆய்வு நிலையத்தில், எச்.எச். ஸ்டோரி தத்துப்பூச்சிகளின் வயிற்றில் நுண்ணிய ஊசியால் குத்திக்கொண்டிருந்தார். அரிசியைவிடச் சின்னப் பூச்சி. கேட்டால் கிறுக்குத்தனம் என்றுதான் தோன்றும்.

மக்காச்சோள இலையில் வெளிர்கோடுகளாக விழும் நோய் ஒன்று உண்டு. இளம்பயிரில் வந்தால் கதிர் சரியாகப் பிடிக்காது. தத்துப்பூச்சிதான் அதைப் பரப்புகிறது என்பதை ஸ்டோரி 1920களிலேயே தென்னாப்பிரிக்காவில் காட்டியிருந்தார். ஆனால் ஒரே இனத்தில் சில பூச்சிகள் பரப்பின, சில பரப்பவில்லை, அதுவும் பரம்பரையாக. பரப்பாதவற்றின் குடலில் ஓட்டை போட்டதும் அவற்றில் சில பரப்பத் தொடங்கின. அப்படியென்றால் குடல் சுவர்தான் பூட்டிய கதவு.

வைரஸை யாரும் கண்ணால் பார்த்திராத காலம் அது. 1970களில் மின்னணு நுண்ணோக்கி காட்டிய படத்தில் இரண்டிரண்டு உருண்டைகள் ஒட்டிக்கொண்டு நின்றன. ஜெமினி வைரஸ் என்று பெயர் வைத்தார்கள். நம் ராசிக்கட்டத்து மிதுனமேதான். 2001இல் மக்காச்சோள வைரஸின் வடிவம் விவரமாக வெளிவந்தது. அந்தக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும். முழு உருண்டை என்றால் ஐந்தைந்து புரதங்கள் சேர்ந்த 12 கொத்துகள். ஒட்டும் இடத்தில் ஆளுக்கொன்றை விட்டுக்கொடுக்க, பதினொன்றும் பதினொன்றும் 22 கொத்துகள், 110 புரதங்கள். அத்தனையும் ஒரே புரதத்தின் நகல்கள். நீளம் 38 நானோமீட்டர், அகலம் 22. உள்ளே சுமார் 2,700 எழுத்துகள் கொண்ட ஒரு டிஎன்ஏ வளையம்.

இந்த உறையை வெறும் பார்சல் அட்டை என்றே நினைத்திருந்தேன், மென்பொருள்காரன் புத்தி. 1990இல் வந்த ஓர் ஆய்வைப் படித்ததும் அது கலைந்தது. வெள்ளை ஈ பரப்பும் ஆப்பிரிக்க மரவள்ளி வைரஸின் உறைப்புரத மரபணுவை எடுத்துவிட்டு, தத்துப்பூச்சி பரப்பும் பீட்ரூட் வைரஸின் மரபணுவை அங்கே வைத்தார்கள். அந்தக் கலப்பு வைரஸைத் தத்துப்பூச்சியின் உடம்புக்குள் ஊசியால் செலுத்த, பூச்சி அதைச் செடிக்குக் கடத்தியது. சட்டையை மாற்றியதும் வண்டி மாறிவிட்டது! எந்தப் பூச்சியில் ஏறலாம் என்பதை அந்த 110 புரதங்களே முடிவுசெய்கின்றன.

ஆனால் ஆப்பிரிக்க வயலுக்கு உதவி வந்தது இந்த அழகான வடிவத்திலிருந்து அல்ல. நைஜீரியாவின் இபாடானில் பயிர் ஆய்வாளர்கள் நோய் பரப்பும் தத்துப்பூச்சிகளைக் கூட்டங்கூட்டமாக வளர்த்து, மக்காச்சோள நாற்றுகள்மேல் வேண்டுமென்றே விட்டார்கள். தாக்குப்பிடித்த செடிகளிலிருந்து விதை எடுத்தார்கள்.