தஞ்சைக் கட்டாரி யாருடையது?

ஏர்பேட்டிலிருந்து திருப்பதியைக் கடந்து செல்வோர் சந்திரகிரிக் கோட்டையைக் காண்பர். விசயநகரப் பேரரசின் பிற்காலத் தலைநகர் அது. அங்கிருந்து ஆண்ட வேங்கடபதி தேவராயரைத் தஞ்சை நாயக்கர் தம் பேரரசராக ஏற்றிருந்தனர். ஆதலின் படைக்கலங்களின் வடிவிலும் இரு நாடுகளுக்கும் உறவு உண்டு. அவற்றுள் ஒன்றான கட்டாரியின் கதையே ஈண்டு நாம் சொல்லப் புகுவது.

கட்டாரியைப் பிற கத்திகளைப் போலப் பிடிப்பதில்லை. குறுக்கே அமைந்த பிடியை முட்டியால் இறுகப் பற்றி, குத்து விடுவது போல நேரே பாய்ச்ச வேண்டும். தென்னாட்டுக் கட்டாரிகள் பலவற்றில் புறங்கையைக் காக்க இலை போல் வளைந்த எஃகுத் தகடு ஒன்றும் இருக்கும். யாளி முகமும் கொடியும் அதில் அழகு செய்யும். அலகோ பெரும்பாலும் ஐரோப்பிய வாளினின்று வெட்டி எடுத்தது! கடல் கடந்து வந்த இரும்புக்கு நம் கொல்லர் பிடி கொடுத்தனர்.

1673இல் நாயக்கர் ஆட்சி வீழ்ந்தது. பின்னர்த் தஞ்சை மராத்தியர் வசமாயிற்று. அரண்மனைப் படைக்கொட்டிலும் அவர்க்கே உரியதாயிற்று. 1855இல் இரண்டாம் சிவாசி மன்னர் ஆண் வாரிசின்றி மறைந்தார். மறு ஆண்டே கம்பெனியார் படையுடன் வந்து அரண்மனையை முத்திரையிட்டனர். அரசுடைமை, தனியுடைமை என்று வேறுபாடு பார்க்கவில்லை.

மூத்த அரசி காமாட்சி பாய் வாளாவிருந்தாரல்லர். சென்னை உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார், வென்றார். ஆயின் 1859இல் இலண்டன் பிரிவி கவுன்சில் அத்தீர்ப்பை மாற்றியது. கம்பெனிக்குச் சட்டப்படி உரிமை இருந்ததாகக் காண்பது மிக அரிது என்று அம்மன்றமே ஒப்புக்கொண்டது. எனினும் இஃது அரசின் செயல், இதனை விசாரிக்க எந்த நீதிமன்றத்துக்கும் அதிகாரமில்லை என்று முடித்துவிட்டது. உரிமையில்லை என்று கண்டவர்களே பொருளைத் திருப்பித் தரச் சொல்லவில்லை என்பதை நாம் கருதிப் பார்க்க வேண்டும். 1862இல் தனியுடைமையை அரசியர்க்கு மீட்டளிக்க அரசு இசைந்தது, படைக்கலங்களோ மீளவில்லை.

1863இல் படைக்கொட்டிலைக் கலைத்தனர். தேர்ந்தெடுத்த சில சென்னை அரசு அருங்காட்சியகம் சேர்ந்தன. அவை இன்றும் தஞ்சைப் பொருள் என்றே அறியப்படுகின்றன. எஞ்சியவற்றுள் பெரும்பகுதியை உடைத்துப் பழைய இரும்பு விலைக்கு விற்றனர். அக்காலத்து ஆங்கில அதிகாரி வால்ஹவுஸ் இதனை 1878இல் 'இந்தியன் ஆன்டிக்வரி' இதழில் வருத்தத்தோடு எழுதினார். எடைக்கு விற்ற இரும்புக்கு யார் பெயரெழுதி வைப்பர்? உடையாமல் தப்பியவை கைமாறிக் கைமாறிச் சென்றபோது, அரண்மனையின் பெயர் வழியிலேயே உதிர்ந்துபோயிற்று.

நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இவ்வகைத் தென்னிந்தியக் கட்டாரிகள் உள்ளன. ஜார்ஜ் ஸ்டோன் என்னும் அமெரிக்கர் திரட்டிய தொகுப்பைச் சேர்ந்தவை அவை. அவற்றை அங்குச் சேர்ப்பித்தவர் பெயராக இன்று நாம் படிப்பது, 'ஸ்டோன் அவர்களின் உயிலின்படி, 1935' என்பதே.