டிஜே சமனாக்கி

டிஜே சமனாக்கி என்பது, இசைத்தடங்களை இடைவெளியின்றி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் டிஜே ஒருவர், ஒவ்வொரு தடத்தின் தாழ், நடு, உயர் ஒலிகளைத் தனித்தனியாகக் குறைக்கவும் கூட்டவும் நீக்கவும் பயன்படுத்தும் கட்டுப்பாட்டு அமைப்பாகும். ஈக்வலைசர் என்ற பெயரே பரவலாக வழங்குகின்றது. தொடக்கத்தில் மிக்சர் எனப்படும் ஒலிக்கலப்பிக் கருவியின் ஒரு பகுதியாக மட்டுமே இது இருந்தது. தற்போது ஏபிள்டன் லைவ், டிராக்டர், மிக்ஸ் போன்ற மென்பொருள்களிலும் இடம்பெற்றுள்ளது. மென்பொருளில் மூன்று குமிழ்களைத் திரையில் வைப்பது எளிது. அவை மிக்சரின் குமிழ்களைப் போலவே கையில் நடந்துகொள்ளுமாறு அமைப்பதற்குச் சில செய்திகளை அறிந்திருத்தல் வேண்டும்.

வரலாறு

ஒலிபெருக்கிகளில் தாழ் ஒலியையும் உயர் ஒலியையும் தனித்தனியே திருத்தும் மின்சுற்று ஒன்றை இங்கிலாந்துப் பொறியாளர் பீட்டர் பாக்சாண்டல் 1952 இல் வயர்லெஸ் வேர்ல்ட் இதழில் வெளியிட்டார். வீட்டு வானொலிப் பெட்டிகளிலும் ஒலிநாடாக் கருவிகளிலும் காணப்பட்ட பேஸ், டிரெபிள் குமிழ்கள் பெரும்பாலும் இச்சுற்றின் வழிவந்தவையே. இவை ஒலியின் நிறத்தைச் சற்றே மாற்றுவன. ஒரு பகுதியை முழுவதுமாக நீக்கவல்லன அல்ல.

முழுவதும் நீக்கும் வழக்கம் நடன அரங்குகளில் வளர்ந்தது. நியூயார்க் நகரில் 1987 வரை இயங்கிய பாரடைஸ் கராஜ் அரங்கின் ஒலியமைப்பை ரிச்சர்ட் லாங் உருவாக்கினார். பெரிய ஒலிபெருக்கி அமைப்புகளில் தாழ் ஒலி ஒரு பெட்டிக்கும் உயர் ஒலி வேறொரு பெட்டிக்கும் பிரித்து அனுப்பப்படும். அவ்வாறு பிரிக்கும் கருவியின் கட்டுப்பாடுகள் டிஜேயின் கைக்கெட்டும் இடத்திற்கு வந்தபோது, பாடலின் ஒரு பகுதியையே அணைத்து எழுப்புவது ஓர் இசை உத்தியாகிவிட்டது. அந்த அரங்கின் டிஜே லாரி லெவன் இதற்காகப் பெயர் பெற்றவர். இக்கருவி ஐசொலேட்டர், அதாவது பிரிப்பி, என அழைக்கப்படுகின்றது. 1990களில் பயனியர் நிறுவனத்தின் டிஜேஎம் வரிசை போன்ற மிக்சர்களில் ஒவ்வொரு தடத்திற்கும் மூன்று குமிழ்கள் என்ற அமைப்பு இயல்பாயிற்று. இன்றைய மென்பொருள்கள் பின்பற்றுவது இதனையே.

குறைத்தலும் நீக்குதலும்

எல்லா மிக்சர்களும் ஒரே அளவுக்குக் குறைப்பதில்லை. பயனியர் டிஜேஎம்-800 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் நிலைமாற்றியைச் சமனாக்கி என்ற நிலையில் வைத்தால் ஒவ்வொரு பட்டையும் -26 டெசிபெல் முதல் +6 டெசிபெல் வரை மாறும். பிரிப்பி என்ற நிலையில் வைத்தால் முற்றிலும் மௌனமாகும் வரை குறையும். -26 டெசிபெல் என்பது அலையின் வீச்சு ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காகக் குறைவதாகும். பெரிய அரங்கில் அந்த இருபதில் ஒரு பங்கு தாழ் ஒலியும் மெலிதாகக் கேட்கக்கூடும். சிலர் அதனை விரும்புவர். மற்றப் பாடலோடு ஒட்டும் பசை அதுவே என்பது அவர்கள் கருத்து.

மேல்நோக்கிய எல்லையில் எச்சரிக்கை தேவை. +6 டெசிபெல் வீச்சை இரு மடங்காக்கும். +12 டெசிபெல் நான்கு மடங்காக்கும். இன்றைய பாடல்கள் பெரும்பாலும் எண்ணிமப் பதிவின் உச்ச அளவைத் தொட்டுக்கொண்டிருக்குமாறே வெளியிடப்படுகின்றன. கூட்டுவதற்கு அங்கு இடமே இல்லை. மென்பொருளின் உள்ளே மிதவைப் புள்ளி எண்களில் கணக்கிடப்படுவதால் அளவு மிகுந்தாலும் அங்குக் கெடாது. ஒலி அட்டையின் வெளியீட்டில் அலையின் உச்சிகள் தட்டையாக வெட்டப்பட்டுக் கரகரப்பாகக் கேட்கும். ஆகவே கூட்டும் பாதியையே நீக்கிவிட்டு, குமிழை வலப்பக்கம் முழுதும் திருப்பினால் 0 டெசிபெல், இடப்பக்கம் முழுதும் திருப்பினால் மௌனம் என அமைத்துக்கொள்வோரும் உளர். புதிதாகக் கற்போருக்கு இதுவே பாதுகாப்பான அமைப்பு எனலாம்.

பட்டைகளின் எல்லை

தாழ் பட்டை எங்கே முடிகின்றது, உயர் பட்டை எங்கே தொடங்குகின்றது என்பதை மிக்சரில் அதனை வடிவமைத்தவரே முடிவு செய்துவிடுகின்றார். மென்பொருள்கள் பலவற்றில் இம்முடிவு பயனருக்கு விடப்படுகின்றது. சுமார் 250 ஹெர்ட்ஸ், சுமார் 2500 ஹெர்ட்ஸ் ஆகியவை வழக்கமான தொடக்கப் புள்ளிகள்.

நடன இசையில் கிக் டிரம்மின் அடிப்படை ஒலி பெரும்பாலும் 50 முதல் 100 ஹெர்ட்ஸ் வரையில் அமைகின்றது. வளர்ந்த ஆணின் பேச்சுக்குரலோ ஏறத்தாழ 85 ஹெர்ட்ஸ் முதலே தொடங்குகின்றது. எல்லையை 250 ஹெர்ட்ஸில் வைத்துத் தாழ் பட்டையை நீக்கினால், டிரம்மோடு சேர்ந்து பாடகரின் குரலிலுள்ள கனமும் போய்விடும். குரல் மிகுந்த பாடல்களுக்கு எல்லையை 150 ஹெர்ட்ஸ் அளவுக்கு இறக்கிப் பார்க்கலாம்; அப்போது பேஸ் கித்தாரின் மேற்பகுதி நடுப் பட்டையில் தங்கிவிடும். இரண்டையும் ஒருங்கே பெற இயலாது. கேட்டுத் தெரிவு செய்வதே வழி. எனினும் இரண்டு தடங்களுக்கும் ஒரே எல்லையையே வைக்க வேண்டும். இல்லையெனில் ஒன்றின் பேஸை எடுத்து மற்றொன்றின் பேஸை வைக்கும்போது இடையில் பள்ளமோ மேடோ உண்டாகும்.

வடிகட்டிகள்

பட்டைகளைப் பிரிப்பது வடிகட்டிகளின் வேலை. வடிகட்டியின் சரிவு, ஒரு ஸ்தாயிக்கு இத்தனை டெசிபெல் என அளக்கப்படுகின்றது. சரிவு செங்குத்தாக இருந்தால் பட்டைகள் கூர்மையாகப் பிரியும். ஆனால் எல்லையை ஒட்டிய ஒலிகளின் கட்டம் அதிகமாகத் திரியும். இச்சிக்கலுக்குச் சீக்பிரீட் லிங்க்விட்ஸ், ரஸ் ரைலி ஆகியோர் 1970களில் ஒலிபெருக்கிகளுக்காக வகுத்த தீர்வு மென்பொருளிலும் பயன்படுகின்றது. லிங்க்விட்ஸ்-ரைலி வடிகட்டியில், எல்லை அதிர்வெண்ணில் இரு பட்டைகளும் சரிபாதி வீச்சுடன் ஒரே கட்டத்தில் வெளிவருகின்றன. ஆதலால் மீண்டும் கூட்டும்போது மேடுபள்ளமின்றி முழு வீச்சும் கிடைக்கின்றது.

கட்டம் சிறிதும் திரியாத வடிகட்டிகளையும் கணினியில் எழுதலாம். அதற்கான விலை தாமதம். நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற வீதத்தில், 2048 கெழுக்கள் கொண்ட அத்தகைய வடிகட்டி ஒலியை ஏறத்தாழ 23 மில்லிநொடி தாமதிக்கும். பாடலைப் பதிவு செய்து திருத்துவோருக்கு இது ஒரு பொருட்டன்று. இசைத்தட்டைக் கையால் முன்னும் பின்னும் உரசும் டிஜேயின் விரல்களோ இதனை உணர்ந்துவிடும்.

மென்பொருளில் அமைத்தல்

ஏபிள்டன் லைவ் முதலில் 2001 இல் வெளிவந்தது. அதிலுள்ள ஈக்யூ திரீ என்ற கருவி, மிக்சரின் சமனாக்கியைப் பின்பற்றியே ஆக்கப்பட்டது. ஒவ்வொரு பட்டையும் மௌனம் முதல் +6 டெசிபெல் வரை மாறும். பட்டையை ஒரே சொடுக்கில் அணைக்கும் பொத்தான்கள், இரு எல்லை அதிர்வெண்களுக்கான குமிழ்கள், 24 அல்லது 48 டெசிபெல் சரிவுக்கான தெரிவு ஆகியவையும் உண்டு. எல்லாக் குமிழ்களும் 0 டெசிபெல்லில் இருந்தாலும் இக்கருவி ஒலியின் நிறத்தைச் சற்று மாற்றும். இது பிழையன்று, தொடர்முறை மிக்சர்களின் இயல்பைப் பின்பற்றுவதால் நேர்வது.

இதனை இரு தடங்களிலும் இட்டு, கண்ட்ரோல், எம் விசைகளை ஒருசேர அழுத்தினால் மிடி இணைப்பு நிலை தோன்றும். திரையில் ஒரு குமிழைச் சொடுக்கி, மேசைமேல் உள்ள கட்டுப்பாட்டுக் கருவியில் உரிய குமிழைத் திருப்பினால் இரண்டும் இணைந்துவிடும். மேலே கூறிய, கூட்டாமல் குறைக்க மட்டும் செய்யும் அமைப்பு வேண்டுவோர், இணைப்புப் பட்டியலில் அதன் பெரும மதிப்பை 0 டெசிபெல் என மாற்றினால் போதும்.

பொதுவாகத் தடுமாற்றம் தருவது நடுப்புள்ளி. மிடி நெறிமுறையில் சாதாரணக் குமிழ் ஒன்று 0 முதல் 127 வரையான 128 மதிப்புகளையே அனுப்பும். இது இரட்டைப்படை எண்ணிக்கை. சரிநடுவில் ஒரு மதிப்பு கிடையாது. குமிழ் நடுவில் கிளிக் என்று நிற்கும் இடம் வழக்கமாக 64 எனக் கொள்ளப்படுகின்றது. ஆனால் 64ஐ 127ஆல் வகுத்தால் அரைக்குச் சற்று மேல். தவிரவும், மௌனம் முதல் +6 வரையான வீச்சில் 0 டெசிபெல் தானாகவே நடுவில் வந்து அமையாது. ஆகவே 0 முதல் 64 வரை மௌனத்திலிருந்து 0 டெசிபெல், 64 முதல் 127 வரை 0 டெசிபெல்லிலிருந்து உச்சம் என இரு துண்டுகளாக இணைப்பதே சரியான முறை. இதைச் செய்யாத இணைப்பில், குமிழ் நடுவில் இருப்பதாகக் கண் சொல்லும். ஒலி அவ்வாறு இராது. இருட்டில், ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைத்துக்கொண்டு வேலை செய்பவருக்கு விரலில் படும் அந்தக் கிளிக் ஒன்றே அடையாளம்.

மற்றொரு இடர், குமிழும் திரையும் வேறுபட்டிருத்தல். மென்பொருளைத் திறந்தவுடன் திரையில் 0 டெசிபெல் இருக்க, குமிழ் முந்தைய நாள் விட்ட இடத்திலேயே இருக்கலாம். முதன்முறை தொட்டவுடன் ஒலி திடீரெனத் தாவும். குமிழ் திரையிலுள்ள மதிப்பைக் கடக்கும் வரை அதனைப் பொருட்படுத்தாதிருக்கும் தெரிவு லைவிலும் மிக்ஸிலும் உள்ளது.

டிராக்டரில் இவ்வளவு வேலை இல்லை. எக்ஸோன், பி600 போன்ற, புகழ்பெற்ற மிக்சர்களைப் பின்பற்றிய சமனாக்கி வகைகளுள் ஒன்றைத் தெரிவு செய்தால் போதும். கட்டற்ற மென்பொருளான மிக்ஸ், வடிகட்டி வகையையும் எல்லை அதிர்வெண்களையும் மாற்ற இடமளிப்பதுடன், புதிய பாடலை ஏற்றும்போது சமனாக்கியை நடுநிலைக்கு மீட்கும் தெரிவும் கொண்டது. இதன் மூலநிரல் வெளிப்படையானது என்பதால், வடிகட்டிகள் எவ்வாறு எழுதப்படுகின்றன என்பதைப் படித்தறிய விரும்பும் மாணவர்களுக்கும் ஏற்றது.

பயன்படுத்தும் முறை

இரு பாடல்களின் தாழ் ஒலிகள் ஒரே நேரத்தில் ஒலிக்க விடாமையே இச்சமனாக்கியின் முதன்மைப் பயன். புதிய பாடலைத் தாழ் பட்டை நீக்கிய நிலையில் உள்ளே கொண்டுவந்து, இசைப்பகுதி ஒன்று முடியும் இடத்தில் பழைய பாடலின் தாழ் பட்டையை நீக்கி, அதே அடியில் புதியதன் தாழ் பட்டையைத் திறப்பர்.

இதற்கு இயற்பியல் காரணம் உண்டு. 60 ஹெர்ட்ஸ் அலையின் அரைச் சுற்று ஏறத்தாழ 8 மில்லிநொடி. இரு கிக் டிரம்களும் மிகச்சரியாக ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் வீச்சு இரு மடங்காகி வெளியீடு வெட்டப்படும். 8 மில்லிநொடி விலகினால் ஒன்றையொன்று அழித்து அடி காணாமற்போகும். தாளம் தவறியதாகக் காது உணராத அளவு சிறிய விலகல் இது. டிஜேயோ தாளம் சரியாகவே பொருந்தியிருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருப்பார். அரங்கில் பேஸ் தோன்றியும் மறைந்தும் அலைக்கழியும்.

மென்பொருளின் ஒலியை வெளியே ஒரு மிக்சருக்கு அனுப்பி அங்கே கலப்பவர்கள், மென்பொருளின் சமனாக்கியை அணைத்துவிட வேண்டும். இரண்டும் இயங்கினால் ஒன்றில் குறைத்ததை மற்றொன்றில் தேட நேரிடும். 2020 முதல் டிஜே மென்பொருள்களில் பரவத் தொடங்கிய வேறொரு முறையில், பாடல் அதிர்வெண்ணால் அன்றி குரல், டிரம், இசைக்கருவி எனக் கணினியால் பிரிக்கப்படுகின்றது. விர்ச்சுவல் டிஜே போன்றவை இப்பிரிவுகளைச் சமனாக்கிக் குமிழ்களிலேயே பொருத்தித் தருகின்றன. அவற்றில் பேஸை நீக்கினாலும் பாடகரின் குரலிலுள்ள கனம் பெருமளவு தங்குகின்றது.