ஒரு கேக்கும் இரு வழக்குகளும்

சென்ற மாதம் நாம் வீட்டில் செய்த சாக்லேட் கேக் பொங்கி எழாமல் களியாகப் படுத்துவிட்டது. முட்டை, வெண்ணெய், மாவு யாவும் அளவோடுதான் இருந்தன. காரணத்தைத் தேடப் புகுந்த நாம், கோகோப் பொடியின் வரலாற்றுக்குள் போய்ச் சேர்ந்தோம்.

மாயரும் அஸ்டெக்குகளும் கோகோவைப் பெரும்பாலும் பானமாகவே பருகினர். ஐரோப்பாவிலும் நெடுங்காலம் அதுவே வழக்கம். கோகோ விதையில் ஏறத்தாழப் பாதி கொழுப்பு. அரைத்தால் விழுதாகுமேயன்றிப் பொடியாகாது. 1828ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் நகரின் வான் ஹூட்டன் குடும்பத்தார் அழுத்துபொறி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றனர். நம் செக்கில் எள்ளைப் பிழிவதுபோல, அப்பொறி கொழுப்பின் பெரும்பகுதியைப் பிழிந்தெடுத்தது. எஞ்சிய பிண்ணாக்கை இடித்தால் கோகோப் பொடி. புளிப்பைத் தணிக்கக் காரப்பொருளும் சேர்த்தனர். நிறம் கருத்தது, சுவை மென்மையுற்றது.

நம் பிழையும் இங்கேதான் இருந்தது. புளிப்பு மாறாத கோகோ, சமையல் சோடாவுடன் சேர்ந்தால் பொங்கும். காரமேற்றிய கோகோவில் அந்தப் புளிப்பு இல்லை. அதற்குப் பேக்கிங் பவுடரே துணை. நாமோ கருநிறப் பொடியை வாங்கிவந்து, சோடாவை மட்டும் நம்பியிருந்தோம். அன்று பிழிந்தெடுத்த கொழுப்பின் இடத்தில்தான் இன்று வெண்ணெயைத் தாராளமாகச் சேர்க்கிறோம் என்பதும் அப்போது விளங்கிற்று.

இனி வழக்குகளுக்கு வருவோம். 1832இல் வியன்னாவில், மெட்டர்னிக் இளவரசரின் அடுக்களையில் தலைமைச் சமையற்காரர் நோயுற, பதினாறு வயதுப் பயிற்சியாளர் ஃபிரான்ஸ் சாகர் விருந்தினருக்காகச் செய்ததே 'சாகர் டோர்ட்டே' என்பது வழிவழிக் கதை. அவருடைய மகன் எடுவர்டு, டெமல் என்னும் இனிப்பகத்தில் பணியாற்றியவர். பின்னர் சாகர் விடுதியை நிறுவியவர். இரு நிறுவனங்களும் அசல் கேக் தமதே என்று உரிமை கொண்டாடி, 1954 முதல் நீதிமன்றத்தில் பொருதின. வாதுமைப்பழப் பாகு அன்று, ஆப்ரிகாட் பழப்பாகு. அது கேக்கின் நடுவில் இருக்கவேண்டுமா, மேற்பூச்சுக்கு அடியில் மட்டும் போதுமா என்பதுகூட வாதப் பொருளாயிற்று. 1963இல் சமரசம் ஏற்பட்டு, 'அசல்' என்னும் பெயர் விடுதிக்குச் சென்றது.

மற்றொரு வழக்கு இத்துணை இனிமையானது அன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்ச்சுகலின் ஆட்சியிலிருந்த சாவோ டோமே தீவு, உலகின் முதன்மையான கோகோத் தோட்டங்களுள் ஒன்று. அங்கோலாவிலிருந்து ஒப்பந்தம் என்ற பெயரில் கொண்டுவரப்பட்ட தொழிலாளர்கள் ஊர் திரும்பவில்லை. பெயர்தான் ஒப்பந்தம், நடந்தது அடிமைமுறை. அக்கோகோவை வாங்கியவர்களுள் அறநெறியாளர் என்று போற்றப்பட்ட காட்பரி நிறுவனத்தாரும் உண்டு. 1901இலேயே செய்தி அவர்கள் காதுக்கு எட்டியது. விசாரித்தனர், ஆளனுப்பினர், போர்ச்சுகலிடம் முறையிட்டனர். கொள்முதலை நிறுத்தியதோ 1909இல்தான்.

இதை இரட்டை வேடம் என்று சாடிய 'ஸ்டாண்டர்டு' நாளிதழ்மீது அவர்கள் அவதூறு வழக்குத் தொடுத்தனர். 1909இன் இறுதியில் பர்மிங்காமில் தீர்ப்பு வந்தது. வெற்றி காட்பரிக்கே. ஆனால், நடுவர் குழு அளித்த இழப்பீடு ஒரு ஃபார்த்திங். அதாவது ஒரு பென்னியில் கால் பங்கு. சட்டத்தின்படி நீங்கள் வென்றீர்கள், உங்கள் மானத்தின் மதிப்பு இவ்வளவே என்று சொல்லாமல் சொன்ன காசு அது.

பழப்பாகின் இடத்துக்காக ஒன்பது ஆண்டுகள் வழக்காடியவர்களின் பெயர் கேக்கில் நிலைத்துவிட்டது. சாவோ டோமேயில் காய் பறித்தவர்களுக்காக எந்த நீதிமன்றத்திலும் அன்று வழக்கு நடக்கவில்லை. பர்மிங்காமில்கூட விசாரிக்கப்பட்டது முதலாளியின் நற்பெயரே.

அடுத்த முறை பேக்கிங் பவுடர் சேர்த்தோம். கேக் நன்றாகவே எழுந்தது.