அந்நியர் வாயால் வந்த செய்தி

'குருசு' என்பது போர்த்துக்கீசியர் வழி வந்த சொல். அதையே ஊர்ப்பேராக வைத்திருக்கும் குருசுக்குப்பத்திலிருந்து பார்க்கிற எனக்கு, 'அந்நிய மொழி' என்பது ஒரு மொழியின் குணமாகத் தெரியவில்லை. அதிகாரம் ஒட்டுகிற சீட்டாகவே தெரிகிறது. வானொலியின் வரலாறு இதைச் சிரிக்காமல் சொல்லும் நகைச்சுவை.

1940 ஜூன் 18. லண்டனுக்குத் தப்பி வந்த ஒரு பிரெஞ்சுத் தளபதி பி.பி.சி.யில் பிரெஞ்சில் பேசினார். பேர் தெ கோல். அந்த உரையைப் பி.பி.சி. பதிவுகூடச் செய்துவைக்கவில்லை. ஆகஸ்டில் சொந்த நாட்டு அரசு அவருக்கு மரண தண்டனை விதித்தது. செப்டம்பரிலோ ஆளுநர் போன்வேன் பிரெஞ்சு இந்தியாவை அவர் பக்கம் சேர்த்துவிட்டார். ஆக, அடைக்கலம் புகுந்த ஒருத்தர் மைக்கில் பேசியதற்குப் பின்னால் போனது எங்க ஊரு சர்க்கார். யாரும் சிரிச்சதாத் தெரியல.

1941 மே 3இல் அதே பி.பி.சி. தமிழில் ஒலிபரப்பத் தொடங்கியது; பின்னாளில் அது 'தமிழோசை'. யுத்தத்தின் எதிர்த்தரப்பில், பெர்லினில் தொடங்கிச் சிங்கப்பூருக்கும் ரங்கூனுக்கும் நகர்ந்த ஆசாத் ஹிந்த் வானொலியிலும் தமிழ் இருந்தது. தமிழர்களுக்குத் தமிழிலேயே நேரெதிரான செய்திகள். காசு யுத்தத்துடையது, தொண்டை நம்முடையது.

லண்டனில் குடியேறிய இந்திய, இலங்கைத் தமிழர்கள் நடத்திய தமிழோசையில் 'நம்மவர்' என்ற சொல் செல்லாது. அரசு சொன்ன கணக்கு இது, புலிகள் சொன்ன கணக்கு இது என்று உணர்ச்சி காட்டாமல் அடுக்கும் குரல். பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையின் மானியம் 2014 வரை அந்த நிறுவனத்தின் உலக சேவையைத் தாங்கியதால், இந்த நடுநிலையை அதிகாரத்தின் வேடம் என்று கட்டுடைக்கலாம். கட்டுடைத்த பிறகும் ஒன்று மிஞ்சுகிறது: நம்ம சனம் அதைத்தான் நம்பிச்சு. அரசு வானொலி 'நாம்' என்னும்போது யாரை விட்டுவிட்டுச் சொல்கிறது என்பது கேட்டவர்களுக்குத் தெரியும். 2009 பிப்ரவரியில், இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் தன் செய்திகளில் குறுக்கிடுவதாகச் சொல்லி, அதன் வழியான பண்பலை ஒலிபரப்பைப் பி.பி.சி. நிறுத்திக்கொண்டது. ஒட்டாத குரலையே ஓர் அரசால் பொறுக்க முடியவில்லை.

2017 ஏப்ரல் 30ஓடு தமிழோசையின் சிற்றலையும் ஓய்ந்தது. சரி, அந்நியர் தயவு எதற்கு, நாமே நடத்தலாமே? அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் சொன்னது. 2006இல் சமுதாய வானொலி தொண்டு நிறுவனங்களுக்கும் திறந்துவிடப்பட்டது. ஆனால் சொந்தமாகச் செய்தி சேகரித்துச் சொல்ல அவற்றுக்கு அனுமதியில்லை. அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றாமல் எடுத்துப் போடலாம். கடலில் நம்ம ஆளைச் சுட்டால் கரையிலிருக்கும் சமுதாய வானொலி மீன்குழம்பு வைப்பது எப்படி என்று சொல்லலாம். சுட்ட செய்தியைத் தானே சொல்லக் கூடாது.

குப்பத்துக்காரர் தன் சாவைத் தன் வாயால் அறிவிக்க உரிமம் இல்லை. இதற்கு எதிரான போராட்டத்தை நம் இயக்கங்கள் இன்னும் தங்கள் பட்டியலில் சேர்க்கவில்லை.