சர்வர் நின்றுபோன கோப்புப் பகிர்வு மென்பொருள்களை இயக்குதல்

தயாரித்த நிறுவனம் கைவிட்டு, சர்வரும் நிறுத்தப்பட்ட கோப்புப் பகிர்வு மென்பொருளைப் பயனர்களே மாற்று வழி கண்டு ஓட வைக்கும் முயற்சி. 2001 ஜூலையில் பாட்டுக்கோப்புகளைப் பகிர உதவிய நாப்ஸ்டர் நின்றபோதே, அதன் பேச்சுமுறையைப் பிரித்தறிந்து எழுதப்பட்ட ஓப்பன்நாப் சர்வர்கள் தயாராக இருந்தன. ஒரு மென்பொருளுக்கு மறுவாழ்வு உண்டா என்பதை, அதன் சர்வர் என்ன வேலை பார்த்தது என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. பயனர் எண்ணிக்கையோ நிறுவனத்தின் புகழோ இதில் அவ்வளவாக எடுபடுவதில்லை.

2020: இந்தியாவில் மூன்று மாதங்கள்

பொதுமுடக்கக் காலத்தில், அடுத்தடுத்த மூன்று மாதங்களில், மூன்று பகிர்வு வழிகள் இந்தியப் பயனர்களுக்கு அடைபட்டன. மே மாதம் தொலைத்தொடர்புத் துறை வீடிரான்ஸ்ஃபர் தளத்தை முடக்க உத்தரவிட்டது. ஜூன் 29 அன்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் 59 செயலிகளுக்குத் தடை வந்தது. ஷேர்இட், ஜென்டர், இஎஸ் ஃபைல் எக்ஸ்ப்ளோரர் ஆகியவை அந்தப் பட்டியலில் இருந்தன. ஜூலையில் மொசில்லா நிறுவனம், தீங்கு நிரல்களைப் பரப்பச் சிலர் பயன்படுத்துகிறார்கள் என்று கூறி ஃபயர்ஃபாக்ஸ் செண்ட் சேவையை நிறுத்திவைத்தது; செப்டம்பரில் அதை ஒரேயடியாகக் கைவிட்டது.

மூன்றின் கதியும் மூன்று விதம். வீடிரான்ஸ்ஃபரில் கோப்பு முழுவதும் நிறுவனத்தின் சர்வரில் ஏறி, அங்கிருந்து இறங்குகிறது. அது எட்டாவிட்டால் பயனர் கையில் மிஞ்சுவது வெறும் இணைப்பு முகவரிதான். ஃபயர்ஃபாக்ஸ் செண்டும் அதே அமைப்புதான். ஆனால் அதன் சர்வர் நிரல் திறமூலம். அதனால் மற்றவர்கள் அதை எடுத்துத் தங்கள் சர்வரில் நிறுவி, ‘செண்ட்’ என்ற பெயரில் இன்றும் பராமரிக்கிறார்கள். ஷேர்இட்டுக்குக் கோப்பு அனுப்ப சர்வரே தேவையில்லை.

ஷேர்இட்: தடைக்குப் பின்

லெனோவோ நிறுவனத்தில் பிறந்து 2015இல் தனி நிறுவனமான ஷேர்இட், இந்தியச் சிற்றூர்களில் டேட்டா விலை அதிகமாக இருந்த காலத்தில் வேரூன்றியது. பாலாற்றங்கரையில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையையொட்டிய மாதனூர் போன்ற ஊர்களில், புளூடூத்தில் ஒரு படம் போய்ச் சேரக் காத்திருந்தவர்களுக்கு அதன் வேகம் பெரிய விஷயம். ஆம்பூர், பேர்ணாம்பட்டு, வாணியம்பாடி என்று தோல் பதனிடுதலும் காலணித் தயாரிப்பும் சூழ்ந்த இந்த வட்டாரத்தில் சாம்பிள் தோலின் நிறமும் மேற்பரப்பும் படத்தில் கெடாமல் தெரிய வேண்டும். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். ஷேர்இட் மூலக்கோப்பை அப்படியே கொடுக்கும். 2011இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்த லேப்டாப்புகளிலும் அதன் விண்டோஸ் பதிப்பை நிறுவிக்கொள்ள முடிந்தது.

இரு போன்களில் ஒன்று ஹாட்ஸ்பாட்டை உருவாக்கும். மற்றது அதில் சேரும். கோப்பு நேராக வைஃபை வழியே போகும். பழைய ஆண்ட்ராய்டு போன்களில் ஹாட்ஸ்பாட் தரும் போனின் முகவரி பெரும்பாலும் 192.168.43.1 என்றிருக்கும். இந்த உரையாடலில் இணையத்துக்கு இடமே இல்லை. ஆகவே தடை வந்து, பிளே ஸ்டோரிலிருந்து செயலி நீங்கி, இணைய நிறுவனங்கள் அதன் சர்வர்களை அடைத்த பிறகும், ஏற்கெனவே போனில் இருந்த ஷேர்இட்டின் பகிர்வுப் பகுதி இயங்கக்கூடியதாகவே இருந்தது. நின்றவை விளம்பரங்களும் வீடியோ பரிந்துரைகளும்தான். அவற்றுக்காக யாரும் அழுததாகத் தெரியவில்லை. மேலும், ஷேர்இட்டும் ஜென்டரும் போனில் நிறுவிய செயலிகளையே கோப்பாக அனுப்பவல்லவை. ஷேர்இட்டைக் கொண்டே ஷேர்இட்டை அனுப்பலாம் என்பதால், ஸ்டோரை மூடியதும் பரவல் நின்றுவிடும் என்று சொல்ல முடியாது. வெளியிலிருந்து செயலி ஏற்ற விடாத ஐபோனில் இந்த வழி கிடையாது. 2021 ஜனவரியில் தடை நிரந்தரமாக்கப்பட்டது.

பழைய பதிப்பை முடக்குவதில் ஆண்ட்ராய்டின் பங்கும் உண்டு. ஆண்ட்ராய்டு 10க்கு ஏற்ப எழுதப்படும் செயலிகள் தாமாக வைஃபையை இயக்கவோ அணைக்கவோ முடியாது; 11 முதல் சேமிப்பகத்தை விருப்பம்போல் துழாவ விடுவதில்லை; 14இல் மிகப் பழைய ஆண்ட்ராய்டை இலக்காக வைத்து எழுதிய செயலிகளை நிறுவவே மறுக்கிறது. பக்கத்துப் போன் தென்படவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது லொகேஷன். வைஃபை தேடலுக்கு லொகேஷன் ஆனாக இருக்க வேண்டும் என்பது ஆண்ட்ராய்டின் விதி.

வின்எம்எக்ஸ்: முன்மாதிரி

சர்வர் போன பிறகு உயிர்த்தெழுந்தவற்றுள் நன்கு அறியப்பட்டது வின்எம்எக்ஸ். கனடாவின் விண்ட்சர் நகரில் இயங்கிய ஃபிரன்ட்கோட் டெக்னாலஜீஸ் உருவாக்கிய இந்த விண்டோஸ் மென்பொருள், அமெரிக்க இசைப்பதிவு நிறுவனங்களின் சங்கம் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியதைத் தொடர்ந்து 2005 செப்டம்பரில் கைவிடப்பட்டது. கடைசிப் பதிப்பு 3.53.

இதில் தேடலும் பரிமாற்றமும் பயனர்களின் கணினிகளுக்குள்ளேயே நடந்தன. வேகமான இணைப்புள்ளவர்கள் முதல்நிலைக் கணுக்களாக நின்று தேடல்களைக் கடத்தினார்கள். மற்றவர்கள் இரண்டாம் நிலையில் அவர்களைச் சார்ந்திருந்தார்கள். நிறுவனத்தின் சர்வர் செய்தது ஒரே வேலை: மென்பொருள் திறந்ததும் ‘இப்போது யார் யார் இணைப்பில் இருக்கிறார்கள்’ என்ற சிறு பட்டியலைத் தருவது. அது போனதும், வலையமைப்பே இருந்தாலும் உள்ளே நுழையும் வாசல் தெரியாமல் மென்பொருள் தவித்தது.

பயனர் குழுக்கள் அதே வேலையைச் செய்யும் சர்வர்களைத் தாங்களே அமைத்தன. வின்எம்எக்ஸின் நிரல் வெளியிடப்படாததால் அதைத் திருத்த வழியில்லை. அது தேடிப்போகும் பெயரைத் திசைதிருப்ப வழி இருந்தது. விண்டோஸ் எந்த இணையப் பெயரையும் வெளியே கேட்பதற்கு முன் ஹோஸ்ட்ஸ் என்ற சிறு எழுத்துக் கோப்பைப் பார்க்கும். சிஸ்டம்32 கோப்புறையில் டிரைவர்ஸ், அதனுள் ஈடிசி என்று போனால் அது இருக்கும். ஒரு வரியில் எண் முகவரி, இடைவெளி, பெயர், அவ்வளவுதான். நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்க மறந்தால் சேமிக்க விடாது. வேறு இடத்தில் சேமித்துக் கொண்டுவந்தாலோ பெயரின் வாலில் டிஎக்ஸ்டி ஒட்டிக்கொள்ளும், விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளாது. புதிய சர்வரின் எண் மாறினால் வரியையும் மாற்ற வேண்டும் என்பது இம்முறையின் குறை. பிறகு வந்த திருத்தம், மென்பொருளின் கோப்புறையிலேயே ஒரு டிஎல்எல் கோப்பை வைத்து, பெயர் கேட்கும் அழைப்பை அங்கேயே மறித்தது.

இன்றைய இந்திய இணைப்புகளில் இதை ஓட்டுவோருக்கு வேறொரு தடை. வின்எம்எக்ஸ் டிசிபி 6699, யுடிபி 6257 போர்ட்டுகளில் வெளியிலிருந்து வரும் இணைப்பை எதிர்பார்க்கிறது. செல்போன் இணைப்புகள் பெரும்பாலானவற்றில் பல பயனர்களுக்கு ஒரே பொது ஐபி முகவரி பங்கிடப்படுவதால், ரௌட்டரில் போர்ட்டைத் திறந்தும் பயனில்லை. இரண்டாம் நிலையில் சேருவதே நடைமுறை.

பிற

2010 அக்டோபர் 26 அன்று நியூயார்க் நீதிமன்றத் தடையால் லைம்வயர் முடக்கப்பட்டது. அதன் நிரல் திறமூலமாக இருந்ததால், விளம்பரங்களும் தொலைவிலிருந்து முடக்கும் வசதியும் நீக்கிய பதிப்பு அடுத்த மாதமே வந்தது. இந்தியப் பொறியியல் கல்லூரி விடுதிகள் பலவற்றில் கோலோச்சிய பகிர்வு மென்பொருளான டிசி++ சர்வர் நின்றுபோகும் சிக்கலைச் சந்திக்கவே இல்லை: மாணவர் ஒருவர் தன் கணினியில் ஹப் என்ற இணைப்பு மையம் ஒன்றை ஓட்டினால் உள்வலையமைப்பு முழுவதற்கும் போதும், வெளி இணையம் அறுந்தாலும் படம் ஓடும்.

சட்டமும் ஆபத்தும்

69ஏ உத்தரவு செயலியை அணுகுவதை அடைக்கும் ஏற்பாடு. உத்தரவை நிறைவேற்றும் பொறுப்பு ஸ்டோர்களுக்கும் இணைய நிறுவனங்களுக்கும். பழைய மென்பொருளோடு பேசக்கூடிய புதிய நிரலை எழுத விரும்புவோருக்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(ஏபி) பிரிவு சற்று இடம் தருகிறது: மென்பொருளை முறையாக வைத்திருப்பவர், இரு நிரல்கள் இணைந்தியங்கத் தேவையான, வேறெங்கும் எளிதில் கிடைக்காத தகவலை அறிய முயல்வது மீறல் ஆகாது. பகிரப்படும் பாட்டுக்கோ படத்துக்கோ இது பொருந்தாது.

கைவிடப்பட்ட மென்பொருளின் ஓட்டையை யாரும் அடைப்பதில்லை. ஷேர்இட்டின் ஆண்ட்ராய்டு பதிப்பில் இருந்த கடுமையான குறைபாடுகளைக் கணினிப் பாதுகாப்பு நிறுவனமான டிரெண்ட் மைக்ரோ 2021 பிப்ரவரியில் வெளியிட்டது. அதற்கு முந்தைய பதிப்பைக் கைமாற்றி வாங்கியவர் போனில் அவை அப்படியே இருக்கும். காலாவதியான இணையப் பெயரை வேறு யாரோ வாங்கிக்கொண்டால், பழைய மென்பொருள் அவரிடமே போய் அப்டேட் கேட்கும். எனவே தானியங்கி அப்டேட்டை அணைப்பதும், கணக்கு வழக்கு இல்லாத தனிக் கணினியிலோ மெய்நிகர் கணினியிலோ ஓட்டுவதும் நலம். கோப்பு அனுப்புவது மட்டுமே தேவை என்றால் இத்தனை பாடு வேண்டாம். ஆண்ட்ராய்டில் 2020 ஆகஸ்டில் நியர்பை ஷேர் என்று வந்து 2024இல் குயிக் ஷேர் எனப் பெயர் மாறிய வசதி இருக்கிறது. ஒரே வைஃபையில் உள்ள போனுக்கும் கணினிக்கும் இடையே சர்வர் இல்லாமல் இயங்கும் திறமூல லோக்கல்செண்டும் கிடைக்கிறது.